இருவரும் ஒருவரா?

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். அப்பாவும் நலம், முழங்கால் வலி மட்டும் மாடிப்படி ஏறும்போது எட்டிப் பார்க்கிறது. நீ எப்படி இருக்கிறாய்? இஸ்திரிப் பெட்டி சுட்ட இடம் ஆறிவிட்டதா?

நேற்றுதான் போனில் பேசினோம், இன்று எதற்குக் கடிதம் என்று நினைப்பாய். போனில் ஒன்றும் பேச முடியாது, அக்கா. அம்மா போன பிறகு அவள் குரல் நம்மிடம் ஒரு நிமிடம்கூட இல்லை என்றுதானே அண்ணன் நம் எல்லோருடைய போனிலும் பேச்சைப் பதிவு செய்கிற ஏற்பாட்டைப் போட்டான். பேசுவது, எடுக்கிற படம், எல்லாம் தானாகவே இணையத்தில் இருக்கிற குடும்பப் பெட்டிக்குப் போய்விடுகிறது. அப்பா பெயிண்ட் கிடங்கிலிருந்து வந்ததும் சட்டையைக்கூடக் கழற்றாமல் பெட்டியைத் திறக்கிறார். "என்னடி குரல் ஒரு மாதிரி இருக்கு?" என்று நீ கேட்டதையும் "ஒண்ணுமில்லக்கா" என்று நான் சொன்னதையும் நேற்று திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டார். பிறகு என்னைப் பார்த்து, "நிஜமாவே ஒண்ணுமில்லையாம்மா?" என்றார்.

அதனால்தான் காகிதம். இது தானாக எங்கும் போகாது.

பெட்டி வேலை நன்றாகத்தான் போகிறது. பழைய ஆல்பங்களை எல்லாம் படமெடுத்து ஏற்றிவிட்டேன். எந்த வருடம், யார் யார் என்று ஒவ்வொன்றிலும் எழுதுகிறேன். "அம்பது வருஷம் கழிச்சு யாராவது பார்த்தாலும் புரியணும்" என்பது அண்ணனின் கட்டளை. பெட்டி தானாகவே முகங்களைப் பிரித்து அடுக்கிவைத்து, "இவர் யார்?" என்று கேட்கிறது. நம் பிஸ்கட் டின்னில் சிரிக்கிற பொம்பளையைக்கூடக் கேட்டது. சமையலறையில் எடுத்த எல்லாப் படத்திலும் அவள் இருக்கிறாள். "டின் அத்தை" என்று பெயர் வைத்துவிட்டேன். உயிரோடு இருக்கிற நம் மாமாவைவிட அவளுக்குப் படம் அதிகம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். போன வாரம் அப்பா பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டு வட்டம் வந்தது. ஒன்றில் அம்மா, இன்னொன்றில் நான். கீழே, "இருவரும் ஒருவரா?" என்று கேட்டிருந்தது. ஆம், இல்லை, தெரியவில்லை என்று மூன்று பொத்தான். நம் வீட்டில் எப்படிச் சொல்வார்கள் என்று உனக்குத் தெரியுமே. "இங்க பாரும்மா, போனுக்கே தெரியுது. ரெண்டு பேரும் ஒரே ஆளுதான், அச்சு அசல்" என்று சிரித்துக்கொண்டே ஆம் என்பதை அழுத்திவிட்டார். சாயலைக் கேட்கிறது என்று நினைத்தார்.

"சின்னவள்" என்று எனக்கு ஒரு அடுக்கு இருந்தது. அது இப்போது இல்லை. நான் முழுவதும் "அம்மா" அடுக்குக்குள் போய்விட்டேன். பல் விழுந்து நிற்கிற ஆறு வயது அம்மா. பள்ளிச் சீருடையில் அம்மா. நேற்று நான் துணி காயப்போட்டதை அப்பா படமெடுத்தார், அதுவும் அம்மா.

இதை எப்படிச் சொல்வது? சொல்லலாமா? இந்தக் கடிதத்தைப் படமெடுக்காதே. எடுத்தால் சாயங்காலம் அப்பா கையில் இருக்கும்.

உன் தங்கை

*

பிப்ரவரி 21

அடி பூனை,

நலம், நலமறிய ஆவல் என்று எல்லாரும் எழுதுவார்கள். நான் நலம்தான், உன் நலம் பற்றித்தான் எனக்குச் சந்தேகம். கை ஆறிவிட்டது. இங்கே ஆஸ்பத்திரி லாண்டரியில் ஒரு நாளைக்கு வருகிற படுக்கை விரிப்பை நீட்டினால் நம் தெருவை மூடிவிடலாம். நீராவியில் நின்று நின்று என் முகம் புட்டு மாதிரி ஆகிவிட்டது. அந்தப் பெட்டி என்னைப் பார்த்தால் யார் என்று கேட்கும்.

உன் கடிதத்தை மெத்தைக்கு அடியில் வைத்திருக்கிறேன். என் அறைத் தோழி, "லவ் லெட்டரா?" என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

படித்ததும் முதலில் சிரித்தேன், பிறகு சிரிப்பு வரவில்லை. இதில் யோசிக்க என்ன இருக்கிறது? "அப்பா, தப்பா அழுத்திட்டீங்க" என்று சொல், மூன்றே வார்த்தை. அது வராது என்றால் நம் இன்ஜினியர் தம்பியிடம் சொல். வங்கிக் கணினிகளையே ரிப்பேர் செய்கிறவன், இதைச் செய்யமாட்டானா?

எனக்கு அப்பாவின் மூக்கு. சின்ன வயதில் அதற்காக எவ்வளவு அழுதிருக்கிறேன். இப்போது பார்த்தால் அதனால்தான் தப்பித்தேன் போலிருக்கிறது.

நன்றாகச் சாப்பிடு. நின்றுகொண்டு சாப்பிடாதே.

அக்கா

*

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே எல்லோரும் சுகம். நீயும் அப்படியே இருக்க வேண்டும். நான் உட்கார்ந்துதான் சாப்பிடுகிறேன், பெரும்பாலும்.

அண்ணன் சனிக்கிழமை வந்தான். அப்பா குளிக்கப் போனபோது சொன்னேன். தண்ணீர்ச் சத்தம் நிற்பதற்குள் சொல்லி முடிக்க வேண்டும் என்று வேகமாகச் சொன்னேன், அவனுக்குப் புரியவில்லை. மறுபடி சொன்னேன்.

"தெரியும், பார்த்தேன்" என்றான்.

அவனுக்கு முன்பே தெரியும்.

"ஒருதடவை சேர்த்தா சேர்த்ததுதான். பிரிக்கணும்னா ஒவ்வொரு படமா தொட்டு, இது அம்மா இல்லைன்னு சொல்லிச் சொல்லி எடுக்கணும். யாருக்கு அவ்வளவு நேரம்?"

"எனக்கு இருக்கு."

"உனக்கு இருக்கும். அப்பாவைப் பாரு. போன வருஷம் இந்நேரம் ராத்திரி பூரா வீட்டுக்குள்ள நடந்துக்கிட்டே இருந்தார். இப்ப படுத்தவுடனே தூங்குறார். ஏன்னு யோசிச்சியா?"

நான் குளியலறைக் கதவைப் பார்த்தேன்.

"படம் எங்கயும் போயிடலையே. பேர்தானே மாறியிருக்கு. விடு."

தண்ணீர்ச் சத்தம் நின்றுவிட்டது.

அவன் சொன்னது பொய் இல்லை, அக்கா. அப்பா நன்றாகத் தூங்குகிறார். முன்பெல்லாம் அம்மா அடுக்கைத் திறந்தால் ஒரு தேநீர் ஆறுவதற்குள் தீர்ந்துவிடும். எல்லாப் படத்தையும் எடுத்தது அவள்தானே, அவளை யார் எடுத்தார்கள்? போனை நீட்டினாலே கையால் முகத்தை மறைப்பாள். இப்போது அந்த அடுக்கு தீருவதே இல்லை. தினமும் புதிதாக வருகிறது. யாருக்குக் கிடைக்கும் அந்த மாதிரி, போன ஒருத்தி தினமும் வருவது?

பேர்தானே என்று நானும் சொல்லிப் பார்க்கிறேன். காய் நறுக்கும்போது சொல்லிப் பார்த்தேன்.

சமையலறை குளிராக இருக்கிறது, அம்மாவின் சாம்பல் நிற ஸ்வெட்டரைப் போட்டுக்கொள்கிறேன். பையில் இன்னும் அவளுடைய ஹேர்பின் ஒன்று இருக்கிறது. என் கை போகிற ஒவ்வொரு முறையும் குத்துகிறது. எடுத்து வைக்க மனமில்லை.

படமெடுக்காமல் படி.

உன் தங்கை

*

ஏப்ரல் 4

அன்புள்ள அக்காவுக்கு,

உன்னிடமிருந்து பதில் வரவில்லை. உடம்பு சரியில்லையோ என்று பயந்தேன், ஆனால் ஞாயிற்றுக்கிழமை போனில் நன்றாகத்தான் பேசினாய். வானிலை பற்றிப் பேசினோம். பெட்டிக்கு அது போதும்.

நீ பார்த்திருப்பாய் என்று நினைக்கிறேன். பெட்டி தானாகவே ஒரு படம் தயாரித்திருக்கிறது, பின்னால் ஒரு இசையோடு. "அம்மா: அன்றும் இன்றும்" என்று தலைப்பு. முதலில் அம்மா சைக்கிள் பிடித்துக்கொண்டு நிற்கிறாள், பிறகு உன்னைத் தூக்கி வைத்திருக்கிறாள், பிறகு என் பல் விழுந்த படம், பிறகு ஆஸ்பத்திரிக்குப் போவதற்கு முன் எடுத்தது. அத்தோடு முடியும் என்று நினைத்தேன். அதற்குப் பிறகும் ஓடுகிறது. ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நான் பாத்திரம் துலக்குகிறேன், ஜன்னலைத் துடைக்கிறேன், கரண்டியோடு திரும்பிப் பார்க்கிறேன். அங்கேதான் இசை நிற்கிறது.

அப்பா அதைக் கிடங்கில் எல்லோருக்கும் காட்டியிருக்கிறார். லாரி ஏற்றுகிறவர்கள்கூட அழுதார்களாம். எதிர் வீட்டு டீச்சரம்மா வந்து பார்த்துவிட்டு என் கன்னத்தைத் தொட்டு, "உங்கம்மா எங்கயும் போகலடி, இங்கதான் இருக்கா" என்றார்.

நான் சிரித்தேன். அதற்கு வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

எழுது, அக்கா. சின்னதாக இருந்தாலும் பரவாயில்லை.

உன் தங்கை

*

ஏப்ரல் 30

பூனைக்கு,

நலமா? இங்கே வேலை அதிகம். அதனால்தான் எழுதவில்லை.

அந்தப் படத்தைப் பார்த்தேன்.

சரி, இதைக் கேள். என் அறைக்குக் கீழே ஒரு மூக்குக்கண்ணாடிக் கடை இருக்கிறது. லென்ஸை ஃபிரேமுக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்துகிற வேலைக்கு ஒரு பெண் வேண்டுமாம். கண்ணாடிக்காரம்மா கல்யாணமாகாதவள், நறுக்கென்று பேசுவாள், கெட்டவள் இல்லை. உன்னைப் பற்றிச் சொன்னேன். பத்தாவதோடு நின்றுவிட்டாள் என்றேன். "எனக்கென்ன பரீட்சையா வைக்கப் போறேன்?" என்றாள். வாயே திறக்கமாட்டாள் என்றேன். "ரொம்ப நல்லது. இதுக்கு முன்னாடி இருந்தவ வாய் பேசிப் பேசியே லென்ஸை உடைச்சா. கை நிதானமா இருந்தா போதும்" என்றாள்.

செப்டம்பரில் பெரிய கடைக்கு மாறுகிறாளாம். அதற்குள் ஆள் வேண்டும். அதுவரை உனக்காக வைத்திருப்பாள், அதற்கு மேல் மாட்டாள். என் அறையில் மூன்றாவது கட்டில் போட இடமிருக்கிறது, நடக்கத்தான் இடமிருக்காது.

அம்மா நோயில் படுத்தபோது, அடுத்த வருஷம் பள்ளிக்கூடம் போகலாம் என்று உன்னை நிறுத்தினார்கள். எந்த அடுத்த வருஷம் என்று யாரும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, பஸ் ஏறி வந்துவிட்டேன்.

யோசித்து எழுது.

அக்கா

*

மே 16

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். அப்பாவின் முழங்காலுக்குப் புதுத் தைலம் வாங்கியிருக்கிறோம். கண்ணாடிக்காரம்மாவுக்கு என் வணக்கத்தைச் சொல்.

லென்ஸ் வேலையை நினைத்தால் ஆசையாக இருக்கிறது. ஆனால் எப்படி வருவது? அப்பாவுக்குச் சமைக்க யார் இருக்கிறார்கள்? பெட்டியை யார் பார்ப்பார்கள்? பழைய வீடியோ நாடாக்கள் ஒரு பை நிறைய இருக்கின்றன, அதை எல்லாம் மாற்ற வேண்டும். அண்ணன் அடுத்த மாதம் ஒரு கருவி அனுப்புகிறான். இதெல்லாம் உண்மையான காரணம்தான், நான் சாக்குச் சொல்லவில்லை.

இன்னொன்றும் இருக்கிறது. அதை எப்படி எழுதுவது என்று தெரியாமல் இரண்டு காகிதத்தைக் கிழித்துவிட்டேன்.

அப்பா எப்போதுமே என்னை "வாம்மா, போம்மா, சாப்பிட்டியாம்மா" என்றுதானே கூப்பிடுவார். எல்லா அப்பாக்களும் பெண் பிள்ளைகளை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். முன்பு நான் அதைக் கேட்டதே இல்லை, காதில் விழும், அவ்வளவுதான். இப்போது ஒவ்வொரு முறையும் கேட்கிறது. "இங்க கொஞ்சம் பாரும்மா" என்று போனைத் தூக்குகிறார். எந்த அம்மா என்று எனக்குத் தெரியவில்லை.

ஜன்னல் பக்கம் நிற்கச் சொல்வார். அம்மா அங்கேதான் நிற்பாள். திரும்பாமல் அப்படியே இரு என்பார். ஒரு நாள் ஸ்வெட்டரைத் துவைத்துப் போட்டிருந்தேன், என் மஞ்சள் சட்டையில் இருந்தேன். அன்று அப்பா எடுக்கவில்லை. சாப்பிடும்போது, "இன்னைக்கு அம்மாவுக்குப் புதுசா ஒண்ணும் இல்ல" என்றார், வருத்தமாக, என்னிடமே.

அவருக்குத் தெரியும், அக்கா. அவர் ஒன்றும் குழம்பிப் போகவில்லை. யாராவது கேட்டால், இது சின்னவள் என்றுதான் சொல்வார். யாரும் கேட்பதில்லை, அவ்வளவுதான்.

நான் வந்துவிட்டால் அந்த அடுக்கில் அம்மா நின்றுபோவாள். இரண்டாவது தடவை. அதை என்னால் எப்படிச் செய்ய முடியும்?

உன் தங்கை

*

ஜூன் 3

ஏ பூனை,

நலமெல்லாம் விசாரிக்கப் போவதில்லை. கோபத்தில் இருக்கிறேன்.

நீ சின்ன வயதில் ஒரு நாள் குளியலறையில் மாட்டிக்கொண்டாய், ஞாபகம் இருக்கிறதா? தாழ்ப்பாள் போடவே இல்லை, கதவு சும்மா இறுகியிருந்தது. ஒரு சத்தம் போட்டிருந்தால் நான் தள்ளியிருப்பேன். நீ பாட்டுக்கு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்திருந்தாய். ஏன்டி கூப்பிடலை என்றதற்கு, "நீங்க எல்லாரும் டிவி பார்த்துக்கிட்டிருந்தீங்க" என்றாய். அதே வாளிமேல்தான் இன்னும் உட்கார்ந்திருக்கிறாய்.

சமையலை விடு. நாற்பது வருடம் கிடங்குக் கணக்கு பார்த்தவருக்கு அரிசி அளக்கத் தெரியாதா? பெட்டியை விடு, அது தம்பி இழுத்துவிட்ட வேலை, அவனே பார்க்கட்டும். அம்மாவை நீ நிறுத்தப் போவதில்லை. அவள் ஏற்கெனவே நின்றாகிவிட்டது. எனக்கு அதை எழுத மட்டும் சுலபமாக இருக்கிறது என்று நினைக்காதே.

உனக்குப் பேச்சு வராது, எனக்குத் தெரியும். பேசச் சொல்லவில்லை. உனக்குக் கை இருக்கிறது. அந்தக் கையால் ஆனதைச் செய்.

கண்ணாடிக்காரம்மா நேற்றுகூடக் கேட்டாள். வருகிறாள் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.

அக்கா

*

ஜூன் 29

அன்புள்ள அக்காவுக்கு,

கோபம் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நான் நலம்.

தொடங்கிவிட்டேன். அப்பா கிடங்குக்குப் போனதும், துணி துவைத்து முடித்து, அம்மா அடுக்கைத் திறக்கிறேன். ஒரு படத்தைத் தொட்டால் கீழே ஒரு வரி வருகிறது: "இது அம்மா இல்லை." அதை அழுத்த வேண்டும். அழுத்தினால் படம் அந்த அடுக்கைவிட்டு நகர்ந்துவிடும். அழியாது, பெட்டிக்குள் வேறெங்கோ பெயரில்லாமல் கிடக்கும். எல்லாம் முடிந்த பிறகு எனக்குத் திரும்ப ஓர் அடுக்கு போடலாம்.

முதல் படத்தை அழுத்தக் கை வரவில்லை. பல் விழுந்த படத்திலிருந்து தொடங்கினேன், அது சுலபம், அது நிச்சயமாக அம்மா இல்லை. பிறகு பள்ளிச் சீருடை. பிறகு போன வருடத்துக்கு வந்தேன். இது அம்மா இல்லை, இது அம்மா இல்லை என்று எத்தனை தடவை. சில நாள் பாதியில் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வருகிறேன்.

சில படங்களில் எனக்கே தெரியவில்லை. அப்போது அடுப்புக்குப் பக்கத்துச் சுவரைப் பார்க்கிறேன். அங்கே பதித்த டைல்ஸில் ஒரு மூலை உடைந்திருக்கிறது, நான் குக்கரை இடித்து உடைத்தது, அம்மா போன பிறகு. மூலை உடைந்திருந்தால் நான். உடையாமல் இருந்தால் அம்மா.

அப்பா கவனித்துவிட்டார். நேற்று போனைத் தன் மூக்குக்கண்ணாடிக்கு வெகு கிட்டத்தில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "குறைஞ்சுக்கிட்டே வர்றா" என்றார். நான் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டேன்.

இந்தக் கடிதத்தைக் கிழித்துப் போட்டுவிடு.

உன் தங்கை

*

ஜூலை 22

அன்புள்ள அக்காவுக்கு,

நலமா? அவசரமாக எழுதுகிறேன், எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

ஞாயிற்றுக்கிழமை அப்பா அண்ணனைக் கூப்பிட்டார். "யாரோ உள்ள பூந்து உங்கம்மாவைக் கொஞ்சம் கொஞ்சமா எடுக்கிறாங்கடா" என்றார். அண்ணன் பதறிப்போய்ப் பெட்டியின் ரகசிய வார்த்தையை மாற்றிவிட்டான். அப்பா புது வார்த்தையை ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி, நாலாக மடித்து, என் கையில் கொடுத்தார். "பத்திரமா வைம்மா. யார்கிட்டயும் காட்டாதே."

காகிதம் கையில் இருக்கிறது. அவர் என்னை நம்பிக் கொடுத்துவிட்டு நாற்காலியில் போய் உட்கார்ந்துவிட்டார். நான் அடுப்பை அணைத்துவிட்டு அங்கேயே நின்றேன்.

"நான்தான்ப்பா" என்றேன்.

"என்னம்மா?"

"எடுக்கிறது நான்தான்."

அவர் புரியாமல் பார்த்தார். "நீ எதுக்கு அம்மாவை எடுக்கிற?"

"அம்மாவை எடுக்கலப்பா. என்னை எடுக்கிறேன். அதுல நிறைய நான்தான் இருக்கேன்."

கத்துவார் என்று நினைத்தேன். கத்தவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், துடைத்துக்கொண்டே இருந்தார். பிறகு பக்கத்து நாற்காலியை இழுத்துப் போட்டு, "உக்காரு" என்றார். "உக்காரும்மா" என்று சொல்லவில்லை. நான் கவனித்தேன்.

போனை இரண்டு பேருக்கும் நடுவில் வைத்தார். மீதி இருந்ததை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"இது?"

"நான்."

"இது?"

"நான்தான்ப்பா. மூலை உடைஞ்சிருக்கு பாருங்க."

அதற்குப் பிறகு அவர் கேட்கவில்லை. அவரே சுவரைப் பார்த்து, அவரே அழுத்தினார். கிடங்கில் லேபிள் மாறிய டின்னை ஒதுக்குகிற மாதிரி வேகமாகச் செய்தார். ஒரு இடத்தில் மட்டும் நின்றார். "இது ஜன்னல்கிட்ட. நான்தான் நிக்கச் சொன்னேன்" என்றார். "ஆமாப்பா" என்றேன். அதையும் அழுத்தினார்.

கடைசியில் ஒன்று மிஞ்சியது. ஸ்வெட்டர், தூக்கிய கை, கைக்குப் பின்னால் பாதி முகம். சுவர் தெரியவில்லை. தேதியும் இல்லை, அண்ணன் பழைய போனிலிருந்து மாற்றியதில் போய்விட்டது. அம்மா அப்படித்தான் மறைப்பாள். நானும் இப்போது அப்படித்தான் மறைக்கிறேன். இரண்டு பேரும் வெகு நேரம் பார்த்தோம். "இது யாரு?" என்றார். எனக்குத் தெரியவில்லை, அக்கா, சத்தியமாகத் தெரியவில்லை. அப்பா பெட்டி கேட்கிற கேள்வியை வரவழைத்து, தெரியவில்லை என்ற பொத்தானை அழுத்தினார். நம் வீட்டில் யாரும் அதுவரை அதைத் தொட்டதே இல்லை.

அம்மா அடுக்கு பழையபடி சின்னதாகிவிட்டது. அப்பா அதை முதலிலிருந்து கடைசிவரை தள்ளிப் பார்த்தார். சீக்கிரம் முடிந்துவிட்டது.

அப்போதே சொன்னால்தான் உண்டு என்று தோன்றியது. "அக்கா இருக்கிற ஊருக்குப் போறேன்ப்பா. கண்ணாடிக் கடையில வேலை."

"எப்ப?"

"ஆகஸ்ட் கடைசியில."

"ம்."

"உங்களுக்கு குக்கர் வைக்கத் தெரியுமாப்பா?"

"பார்த்திருக்கேன்" என்றார். "போட்டோவுல."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் சிரித்தாரா என்று பார்க்கப் பயமாக இருந்தது.

போ என்று சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. இரண்டு நாளாக அவர் ராத்திரி மறுபடி நடக்கிறார். சமையலறை வாசலில் போனைத் தூக்குகிறார், பிறகு எடுக்காமல் இறக்கிவிடுகிறார். அண்ணன் என்னோடு பேசுவதில்லை. கதவுக்குத் தாழ்ப்பாள் போடவில்லை என்று நீ எழுதினாய். போடவில்லைதான், ஆனால் அதன் வழியாகப் போனால் யாரையாவது மிதித்துக்கொண்டுதான் போக வேண்டும் போலிருக்கிறது.

உன் தங்கை

*

ஆகஸ்ட் 10

என் பூனைக்கு,

நலம். உன் கடிதத்தை லாண்டரியில் நீராவிக்கு நடுவில் நின்று படித்தேன். காகிதம் நமுத்துப்போய்விட்டது. என் அறைத் தோழி, "லவ்வு முறிஞ்சிடுச்சா?" என்று கேட்டாள்.

பஸ் காலையில் ஏறு, ஜன்னல் பக்கம் கேட்டு வாங்கு. கட்டில் போட்டாகிவிட்டது, இப்போது நாங்கள் பக்கவாட்டில் நடக்கிறோம். கடையில் முதல் மாதம் உடைந்த லென்ஸில்தான் பழக்குவாளாம், பயப்படாதே.

அப்பா நடக்கட்டும். நடந்தால் முழங்காலுக்கு நல்லது என்று டாக்டரே சொன்னார். நான் இனி மாதத்தில் ஒரு ஞாயிறு வீட்டுக்குப் போகலாம் என்றிருக்கிறேன். இவ்வளவு நாள் ஏன் போகவில்லை என்று நீ கேட்கமாட்டாய். அதுதான் உன்னிடம் எனக்குப் பிடித்தது.

போனில் அந்த ஏற்பாட்டை நிறுத்திவிட்டு வா. எப்படி என்று அறைத் தோழி எழுதிக் கொடுத்திருக்கிறாள், பின்பக்கம் பார்.

அந்த ஸ்வெட்டரைக் கொண்டு வராதே.

இல்லை, கொண்டு வா. நான் போட்டுக்கொள்கிறேன். அப்பா மூக்கோடு இருக்கிற என்னை யாரும் அம்மா என்று சொல்லமாட்டார்கள்.

அக்கா

*

செப்டம்பர் 23

சின்னவளுக்கு,

அப்பா எழுதுவது. நான் நலம். நீயும் பெரியவளும் நலமாக இருப்பீர்கள். கிடங்கில் சரக்குச் சீட்டு எழுதித்தான் எனக்குப் பழக்கம், கடிதம் எழுதியதில்லை. பிழை இருந்தால் விட்டுவிடு.

நீ போன பிறகு உன் பெயருக்குப் பெரியவளின் கடிதம் ஒன்று வந்தது, தபாலில் தாமதமாகியிருக்கிறது. பிரிக்கவில்லை. இதோடு வைத்திருக்கிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஏன் காகிதத்தில் எழுதிக்கொண்டீர்கள் என்று கொஞ்ச நாள் யோசித்தேன். பிறகு புரிந்தது. பேச்சைப் பதிவு செய்வதை என் போனில் நிறுத்தச் சொல்லிவிட்டேன். இனி நீ கூப்பிட்டால் கேட்டதோடு சரி.

குக்கர் பரவாயில்லை. முதல் நாள் தண்ணீர் வைக்க மறந்துவிட்டேன். டின் அத்தை மட்டும்தான் பார்த்தாள்.

உன் போனிலிருந்து எதுவும் வருவதில்லை என்று அண்ணன் கோபமாகச் சொன்னான். எனக்குக் கோபம் இல்லை என்று எழுத வந்தேன். முதலில் இருந்தது. தினமும் கிடங்கிலிருந்து வந்து திறந்து பார்ப்பேன். புதிதாக ஒன்றும் இருக்காது. உங்கள் அம்மா அதே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அவள் அவ்வளவுதான் என்று தெரிந்துகொள்ள எனக்கு இவ்வளவு நாள் ஆகியிருக்கிறது.

நீ ஒதுக்கிய படங்களுக்கு எல்லாம் உன் பெயரைப் போட்டுவிட்டேன். யார் என்று கேட்டது, சொன்னேன்.

ஒன்று மட்டும் அது கேட்கவில்லை. நீ பஸ் ஏறும்போது உனக்குத் தெரியாமல் பின்னாலிருந்து எடுத்தேன். தோளில் பை, மஞ்சள் சட்டை, ஒரு கால் படியில். முகம் இல்லாத படத்துக்கு அது பெயர் கேட்காதாம். கேட்கும் கேட்கும் என்று சில நாள் பார்த்தேன். கேட்கவே இல்லை.

பிறகு நானே எழுதினேன், சின்னவள் என்று.

உடம்பைப் பார்த்துக்கொள். இதை எழுதிவிட்டுப் படமெடுக்கவில்லை.

அப்பா